எஃப்எஃப்டி போதுமா? சிக்னலை அதிர்வெண்களாகப் பிரிக்க எந்த முறை, எப்போது

சென்சாரிலிருந்து ஆயிரக்கணக்கில் எண்கள் வந்து குவிந்துவிட்டன. அவற்றுக்குள் எந்தெந்த அதிர்வெண்கள் இருக்கின்றன, எது எவ்வளவு பலமாக இருக்கிறது என்று தெரிய வேண்டும். விசாரித்தால் ஒருவர் எஃப்எஃப்டி (வேக ஃபூரியர் உருமாற்றம், சிக்னலைச் சைன் அலைகளாகப் பிரிக்கும் கணக்கு) போடு என்கிறார். இன்னொருவர் அவ்வளவு தேவையில்லை, கோர்ட்செல் போதும் என்கிறார். மூன்றாமவர் இந்தக் காலத்தில் வேவ்லெட் இல்லாமலா என்று புருவத்தை உயர்த்துகிறார். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டினால் பர்க், மியூசிக், எஸ்பிரிட் என்று இன்னும் நாலு பெயர்கள். கடைசி வருட புராஜெக்ட் செய்பவர்களும் மோட்டார் பராமரிப்பில் இருப்பவர்களும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஃப்எஃப்டியில் தொடங்குங்கள். அதை விட்டு விலக ஒரு காரணம் இருந்தால் மட்டும் விலகுங்கள். அப்படிப்பட்ட காரணங்கள் நான்குதான்: சின்ன சிப்பில் ஓரிரு அதிர்வெண்களை மட்டும் பார்க்க வேண்டும், சாம்பிள்கள் (அளந்த எண்கள்) சீரான இடைவெளியில் இல்லை, அதிர்வெண் நேரத்தோடு மாறிக்கொண்டே போகிறது, பதிவு மிகவும் குட்டையாக இருக்கிறது. இந்த நான்கில் எதுவும் பொருந்தாவிட்டால் வேறு முறையைத் தேடுவது பெரும்பாலும் வீண் அலைச்சல்.

ஒப்பிடப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. சாம்பிள் எடுக்கும்போதே கெட்டுப்போனதை எந்த முறையும் சரிசெய்யாது. வினாடிக்கு 1,000 சாம்பிள் எடுக்கிறீர்கள், சிக்னலில் 950 ஹெர்ட்ஸ் இருக்கிறது என்றால், அது 50 ஹெர்ட்ஸாக வேடம் போட்டு வந்து உட்காரும். எண்களை மட்டும் வைத்து அது அசலா போலியா என்று யாராலும் சொல்ல முடியாது. சாம்பிளிங் வேகத்தில் பாதிக்கு மேல் உள்ளவற்றை ஏடிசிக்கு (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) முன்னாலேயே ஃபில்டர் போட்டு வெட்டிவிடுவதுதான் ஒரே வழி.

## எதை வைத்து ஒப்பிடுவது

பிரிதிறன். அருகருகே இருக்கும் இரண்டு அதிர்வெண்களை இரண்டாகவே காட்டுமா? ஃபூரியர் வகை முறைகளில் இதை முடிவு செய்வது பதிவின் நீளம். 1 வினாடிப் பதிவு என்றால் ஏறக்குறைய 1 ஹெர்ட்ஸ், 10 வினாடி என்றால் 0.1 ஹெர்ட்ஸ். சாம்பிளிங் வேகத்தைக் கூட்டினால் பிரிதிறன் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை பார்க்கலாம் என்பது மட்டும்தான் கூடும்.

கசிவு. பெரிய அலை ஒன்றின் பக்கத்தில் இருக்கும் சின்ன அலை தெரியுமா, அல்லது பெரியதன் நிழலில் மறைந்துவிடுமா?

இரைச்சல். காட்டும் ஏற்ற இறக்கங்களில் எவ்வளவை நம்பலாம்?

சிக்னலின் தன்மை. சாம்பிள்கள் சீராக இருக்கின்றனவா, அதிர்வெண் நிலையாக நிற்கிறதா?

கணக்குச் செலவும் நினைவகமும். லேப்டாப்பில் இது பெரும்பாலும் பொருட்டே இல்லை. 2 கேபி நினைவகம் உள்ள ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இதுதான் முதல் கேள்வி.

முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும். யாரும் கவனிக்காத அளவுகோல் இது. என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான். ஒவ்வொரு முறையும் சிக்னலைப் பற்றி ஏதோ ஒன்றை ஊகித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. ஊகம் எவ்வளவு கடுமையோ, சரியாக இருந்தால் பலன் அவ்வளவு கூர்மை; தவறினால் பொய்யும் அவ்வளவு கூர்மை.

## எஃப்எஃப்டியும் விண்டோவும்

எஃப்எஃப்டி தோராயமான முறை என்று ஒரு எண்ணம் உலவுகிறது. அது ஃபூரியர் உருமாற்றத்தின் அதே விடையைத்தான் தருகிறது, வேகமாக. 1,024 சாம்பிள்களுக்கு நேரடி வாய்பாட்டில் 10,48,576 பெருக்கல்கள் ஆகும். எஃப்எஃப்டியில் சுமார் 5,120. ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965ல் இதை வெளியிட்டார்கள். பின்னணியில் இருந்தது அணுகுண்டுச் சோதனைகளை நில அதிர்வுக் கருவிகளால் கண்டுபிடிக்கும் திட்டம். டூக்கியின் யோசனையை ஐபிஎம்மில் இருந்த கூலியிடம் கொண்டுபோன ரிச்சர்ட் கார்வின், ஹீலியம்-3 படிக ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று சொல்லித்தான் நிரல் எழுத வைத்தார். இதே உத்தியை 1805 வாக்கிலேயே காஸ் குறுங்கோள்களின் பாதையைக் கணிக்கக் கையாண்டிருந்தார் என்பது பின்னால்தான் பரவலாகத் தெரியவந்தது.

இப்போது ஒரு நிஜமான வேலை. இண்டக்‌ஷன் மோட்டாரில் ரோட்டார் பார் (சுழலும் பகுதியில் உள்ள உலோகக் கம்பி) உடைந்திருக்கிறதா என்று மோட்டாரைக் கழற்றாமல் பார்க்க வேண்டும். ஒரு ஃபேஸில் கரண்ட் கிளாம்பை மாட்டி கரண்ட்டைப் பதிவு செய்கிறோம். பார் உடைந்திருந்தால் 50 ஹெர்ட்ஸின் இரு பக்கமும், ஸ்லிப் அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு தள்ளி, இரண்டு சின்னக் கொம்புகள் முளைக்கும். நாலு போல் மோட்டார் முழு லோடில் 1,440 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்றால், காந்தப் புலத்தின் 1,500 ஆர்பிஎம்மைவிட அது பின்தங்கும் அளவான ஸ்லிப் 4 சதவீதம்; ஸ்லிப் அதிர்வெண் 50ல் 4 சதவீதம், அதாவது 2 ஹெர்ட்ஸ். கொம்புகள் 46லும் 54லும் இருக்கும். அவற்றின் உயரம் 50 ஹெர்ட்ஸைவிட 50 டெசிபெல் கீழே, அதாவது முந்நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

பத்து வினாடி பதிவு செய்து, எதுவும் செய்யாமல் அப்படியே எஃப்எஃப்டியில் போட்டால்? கிரிட் அதிர்வெண் ஒருபோதும் சரியாக 50ல் நிற்பதில்லை. இந்தியாவில் அதற்கு அனுமதித்த எல்லையே 49.90 முதல் 50.05 வரை. அந்த நேரத்தில் 49.97 இருக்கிறது என்றால் பத்து வினாடியில் 499.7 சுற்றுகள். முழுச் சுற்றில் முடியாததால் 50 ஹெர்ட்ஸின் ஆற்றல் பக்கங்களில் கசியும். 54 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் அந்தக் கசிவு சுமார் 44 டெசிபெல் கீழே இருக்கும். நாம் தேடும் கொம்போ 50 டெசிபெல் கீழே. கொம்பு கசிவுக்குள் முழுகிவிட்டது.

அதே பதிவை ஹான் விண்டோவால் பெருக்கிவிட்டு எஃப்எஃப்டி எடுங்கள். விண்டோ என்பது பதிவின் இரு முனைகளையும் மெல்லத் தணித்துச் சுழியத்துக்குக் கொண்டுவரும் ஒரு வளைவு, அவ்வளவுதான். 54 ஹெர்ட்ஸ் அருகே கசிவு 100 டெசிபெல்லுக்கும் கீழே போய்விடும். கொம்பு பளிச்சென்று நிற்கும். ஒரே ஒரு பெருக்கல் செய்த வேலை இது. கல்லூரி புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் விண்டோ இல்லாத ஸ்பெக்ட்ரம் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

விண்டோவுக்கும் விலை உண்டு. ஹான் போட்டால் ஒவ்வொரு சிகரமும் இரண்டு மடங்கு அகலமாகும். அதே மோட்டார் கிட்டத்தட்ட லோடே இல்லாமல் 1,490 ஆர்பிஎம்மில் ஓடினால் கொம்புகள் 50லிருந்து 0.67 ஹெர்ட்ஸ் தள்ளித்தான் இருக்கும். பத்து வினாடிப் பதிவில் சமாளித்துவிடலாம். ஒரு வினாடிப் பதிவில் ஹானின் சிகரம் இரு பக்கமும் 2 ஹெர்ட்ஸ் விரிந்திருக்கும். எந்த விண்டோ போட்டாலும் கொம்பு தெரியாது. ஆகவே மோட்டாரை லோடில் ஓடவிட்டுப் பதிவு செய்யுங்கள், நீளமாகப் பதிவு செய்யுங்கள். அதற்காக ஒரேயடியாக ஐந்து நிமிடம் எடுத்தாலும் உதவாது: அதற்குள் கிரிட்டும் லோடும் நகர்ந்து, கொம்பு கூர்மை இழந்து பரவிவிடும்.

மறைமுகச் செலவுகள் இன்னும் சில. ஹான் விண்டோ வீச்சைப் பாதியாக்கிக் காட்டும். இரண்டால் பெருக்கிச் சரிசெய்ய வேண்டும். எஃப்எஃப்டி அதிர்வெண் அச்சை அறை அறையாகப் பிரிக்கிறது. உண்மையான அதிர்வெண் இரண்டு அறைகளுக்கு நட்டநடுவே விழுந்தால், விண்டோ இல்லாத எஃப்எஃப்டி வீச்சை 36 சதவீதம் வரை குறைத்துச் சொல்லும். ஹான் 15 சதவீதம் வரை. வீச்சுதான் முக்கியம், அளவீட்டுக் கருவியைச் சரிபார்க்கிறீர்கள் என்றால் ஃபிளாட்-டாப் விண்டோ இருக்கிறது. அதில் இந்தப் பிழை அநேகமாக இல்லை, சிகரம் மட்டும் தடியாக இருக்கும்.

இரண்டு மூடநம்பிக்கைகளையும் இங்கேயே முடித்துவிடலாம். ஒன்று, பதிவின் பின்னால் பூஜ்யங்களைச் சேர்த்தால் பிரிதிறன் கூடும் என்பது. வளைவு வழவழப்பாகும், சிகரத்தின் உச்சியைத் துல்லியமாகப் படிக்கலாம். ஒட்டியிருக்கும் இரண்டு சிகரங்கள் பிரியாது. மற்றது, சாம்பிள் எண்ணிக்கை 2ன் அடுக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது. இன்றைய நூலகங்கள் எந்த எண்ணையும் ஏற்கும். 10,000 சாம்பிளை 8,192 ஆக வெட்டுபவர்கள் காசு கொடுத்து வாங்கிய பதிவில் 18 சதவீதத்தைக் குப்பையில் போடுகிறார்கள்.

## வெல்ச்: இரைச்சல்தான் பிரச்சினை என்றால்

ஒரே நீளமான எஃப்எஃப்டியில் இரைச்சல் தரை எப்போதும் முள்முள்ளாகத்தான் இருக்கும். பதிவை நூறு மடங்கு நீட்டினாலும் முட்கள் நெருக்கமாகுமே தவிர உயரம் குறையாது. வெல்ச் 1967ல் சொன்ன வழி எளியது. பதிவைத் துண்டுகளாக்கி, பாதிக்குப் பாதி மேலடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் விண்டோவும் எஃப்எஃப்டியும் போட்டு, ஆற்றல்களைச் சராசரி எடுப்பது. ஒன்றன்மேல் ஒன்று படியாத 16 துண்டுகள் என்றால் ஆட்டம் நான்கில் ஒன்றாகும்.

கொடுக்கும் விலை பிரிதிறன். மேலே பார்த்த பத்து வினாடி மோட்டார் பதிவை ஒரு வினாடித் துண்டுகளாக வெல்ச்சில் போட்டால் 0.67 ஹெர்ட்ஸ் தள்ளியிருந்த கொம்புகள் போயே போச்சு. கூரிய அலைகளைத் தேடும்போது முழுப் பதிவு. பேரிங் அதிர்வு, கடல் அலை, காற்றின் கொந்தளிப்பு மாதிரி பரந்து கிடக்கும் ஆற்றலை அளக்கும்போது வெல்ச்.

## கோர்ட்செல்: ஓரிரு அதிர்வெண்கள், சின்ன சிப்

லேண்ட்லைனில் 5ஐ அழுத்தினால் 770, 1,336 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். மறுமுனைக் கருவி கண்டுபிடிக்க வேண்டியது மொத்தமே எட்டு அதிர்வெண்கள். இதற்காக முழு ஸ்பெக்ட்ரமும் கணக்கிடுவது எதற்கு? ஜெரால்ட் கோர்ட்செல் 1958ல் தந்த முறையில் ஒரு அதிர்வெண்ணுக்கு நினைவில் வைக்க வேண்டியது இரண்டே எண்கள். ஒவ்வொரு சாம்பிள் வரும்போதும் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

புதியது = சாம்பிள் + கெழு × முந்தையது − முந்தையதற்கு முந்தையது

கெழு என்பது தேடும் கோணத்தின் கொசைனின் இரண்டு மடங்கு. முன்னாலேயே கணக்கிட்டு வைத்துவிடலாம். 8,000 ஹெர்ட்ஸில் 205 சாம்பிள், அதாவது 25.6 மில்லிவினாடி ஓடவிட்டு, கடைசி இரண்டு எண்களிலிருந்து ஆற்றலைக் கணக்கிட்டால் முடிந்தது. தொலைபேசித் துறையில் இந்த 205 பழகிப்போன எண். எட்டு அதிர்வெண்களும் அறைகளின் நடுவுக்கு ஓரளவு நெருக்கமாக விழும்படி தேர்ந்தெடுத்தது. இன்னொரு வசதி: சாம்பிள் வர வரக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பதிவு முடியும்வரை சேமித்து வைக்க வேண்டியதில்லை. ஆர்டுயினோ யூனோவில் எஃப்எஃப்டி என்றால் மிதவைப் புள்ளி எண்களில் 128 சாம்பிளுக்கே நினைவகத்தில் பாதி போய்விடும். கோர்ட்செல்லுக்கு அந்தக் கவலையே கிடையாது.

எத்தனை அதிர்வெண் வரை லாபம்? 1,024 சாம்பிளுக்கு ஏறத்தாழ பத்து வரை. அதற்கு மேல் போனால் எஃப்எஃப்டியே மலிவு.

மறைந்திருக்கும் செலவு: கசிவும் பிரிதிறனும் எஃப்எஃப்டியில் உள்ளதுபோலவேதான், ஆனால் ஸ்பெக்ட்ரம் படம் இல்லாததால் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து அதிர்வெண் ஒன்று கசிந்து வந்தாலும் 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். அதனால்தான் தொலைபேசிக் கருவிகள் இரண்டாம் ஹார்மோனிக்கையும் (இரண்டு மடங்கு அதிர்வெண்) சேர்த்துப் பார்க்கின்றன: பேச்சுக் குரலில் அது இருக்கும், விசை ஒலியில் இருக்காது. பூஜ்யத்துக்கு நெருக்கமான அதிர்வெண்ணை நீளமான பதிவில் தேடினால் முழு எண் கணக்கில் பிழை சேர்ந்து பெருகும். அங்கே கோர்ட்செல்லை நம்பாதீர்கள்.

## லோம்ப்-ஸ்கார்கிள்: இடைவெளி சீராக இல்லாதபோது

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்திலிருந்து ஒரு மாறொளி விண்மீனைத் தொடர்ந்து அளக்கிறீர்கள் என்று வையுங்கள். பகலில் அளக்க முடியாது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மேகம். சாம்பிள்கள் தாறுமாறான நேரங்களில்தான் கிடைக்கும். எஃப்எஃப்டி சீரான இடைவெளியை ஊகித்துக்கொள்கிறது. அதில் இதைப் போட முடியாது. நடுவில் உள்ள ஓட்டைகளைக் கோடு போட்டு நிரப்பிவிட்டு எஃப்எஃப்டி எடுப்பது பலரும் செய்யும் குறுக்குவழி. ஓட்டை சிறியது என்றால் பாதகமில்லை. பெரிய ஓட்டையை நிரப்பினால், இல்லாத தகவலை நாமே எழுதிச் சேர்க்கிறோம்.

லோம்ப் 1976லும் ஸ்கார்கிள் 1982லும் செம்மைப்படுத்திய முறை வேறு திசையில் போகிறது. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு சைன் அலையை எடுத்து, இருக்கிற புள்ளிகளில் மட்டும் குறைந்த வர்க்கப் பொருத்தம் செய்து, எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று பார்ப்பது. நேரம் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. இதயத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரங்கள், நடுவில் பேட்டரி தீர்ந்துபோன வெப்பநிலை லாகர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஆனால் இந்த முறையின் மறைமுகச் செலவுதான் பட்டியலிலேயே ஆபத்தானது. டெல்டா செஃபை விண்மீனின் உண்மையான காலம் 5.366 நாள், அதாவது நாளுக்கு 0.186 சுற்று. ஒரே இடத்திலிருந்து இரவுகளில் மட்டும் அளந்தால் 0.814லும் 1.186லும் கூடச் சிகரங்கள் எழும். 1.23 நாள், 0.84 நாள் என்று இரண்டு போலிக் காலங்கள். இவை விண்மீனுடையவை அல்ல, நம் இரவு பகலுடையவை. எது அசல் என்பதை உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்தால் ஏமாறலாம்.

பெரிய நிபுணர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் குடும்பமான ஆல்ஃபா செண்டாரியில், பி விண்மீனைச் சுற்றி 3.24 நாள் காலத்தில் பூமியளவு கோள் ஒன்று ஓடுவதாக 2012ல் அறிவிப்பு வந்தது. 2015ல் வேறொரு குழு, கோளே இல்லாத செயற்கைத் தரவை அதே அளவீட்டு நேரங்களில் உருவாக்கிப் பார்த்தது. அதே 3.24 நாள் சிகரம் வந்தது. அளந்த நேரங்களின் அமைப்பும் தரவைச் சுத்தம் செய்த விதமும் சேர்ந்து உருவாக்கிய பேய் அது. லோம்ப்-ஸ்கார்கிள் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் இந்தச் சோதனையைச் செய்தே ஆக வேண்டும் என்பேன்.

சாம்பிள்கள் ஏற்கனவே சீராக இருந்தால் இந்த முறைக்கு வேலையே இல்லை. எஃப்எஃப்டி தருவதையே மெதுவாகத் தரும்.

## எஸ்டிஎஃப்டியும் வேவ்லெட்டும்: அதிர்வெண் மாறிக்கொண்டே இருந்தால்

2015 செப்டம்பர் 14ல் லைகோ ஆய்வகம் பதிவு செய்த முதல் ஈர்ப்பலை, 35 ஹெர்ட்ஸில் தொடங்கி ஏறத்தாழ 0.2 வினாடிக்குள் 250 ஹெர்ட்ஸுக்கு ஏறி அடங்கியது. அதை முழுப் பதிவாக எஃப்எஃப்டியில் போட்டால் 35 முதல் 250 வரை மங்கலான ஒரு மேடு தெரியும். ஏறியதா இறங்கியதா என்ற கதையே காணாமல் போகும். நேரமும் அதிர்வெண்ணும் சேர்ந்த படத்தில்தான் அந்த வளைந்தேறும் கோடு தெரிந்தது.

எளிய வழி எஸ்டிஎஃப்டி: சின்ன விண்டோவை நகர்த்தி நகர்த்தி எஃப்எஃப்டி எடுப்பது. எந்த ஆடியோ மென்பொருளிலும் காணும் ஸ்பெக்ட்ரோகிராம் இதுதான். சிக்கல், விண்டோ நீளம் ஒன்றுதான். கர்நாடக சங்கீதப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் 4,096 சாம்பிள் விண்டோ என்றால் 93 மில்லிவினாடி; அறை அகலம் 10.8 ஹெர்ட்ஸ். நடு ஸ்தாயி ஸட்ஜம் 261.6 ஹெர்ட்ஸ் என்றால் அடுத்த ஸ்வரஸ்தானம் 15.6 ஹெர்ட்ஸ் தள்ளி. பிரிப்பது கஷ்டம். விண்டோவை நாலு மடங்காக்கினால் ஸ்வரம் பிரியும், ஆனால் 370 மில்லிவினாடிக்குள் ஒரு கமகம் முழுதாக ஆடி முடிந்துவிடும். மேல் ஸ்தாயியில் ஸ்வரங்களுக்கு இடையே ஹெர்ட்ஸ் கணக்கில் இடைவெளி கூடுவதால் அங்கே சிறிய விண்டோவே போதும். வேவ்லெட் இந்தப் பேரத்தை அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாற்றுகிறது: தாழ்ந்த ஒலிக்கு நீள விண்டோ, உயர்ந்த ஒலிக்குக் குட்டை விண்டோ. நேரத்தையும் அதிர்வெண்ணையும் ஒரே சமயத்தில் எல்லையின்றிக் கூர்மையாக்க எதனாலும் முடியாது. பேரம் எங்கே என்பது மட்டும் மாறுகிறது.

(சுருதி கண்டுபிடிக்கும் செயலி எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: தம்புராவில் அடிப்படை அதிர்வெண்ணைவிட மேல் ஹார்மோனிக்குகள் பலமாக ஒலிக்கும். ஸ்பெக்ட்ரத்தின் உயர்ந்த சிகரத்தை எடுத்து அதுதான் சுருதி என்றால் தவறாகப் போகும். உங்களுக்கு வேண்டியது வேறு வகை முறை.)

வேவ்லெட்டின் மறைமுகச் செலவு, அதைச் சுற்றியுள்ள ஆரவாரம். மோட்டார் பதிவை, வினாடிக்கு 1,000 சாம்பிள், டிஸ்கிரீட் வேவ்லெட்டில் போட்டால் பட்டைகள் 250–500, 125–250, 62.5–125, 31.25–62.5 என்று பாதி பாதியாகப் பிரியும். நாம் தேடும் 46, 50, 54 மூன்றுமே கடைசிப் பட்டைக்குள் ஒன்றாகக் கிடக்கும். நிலையாக ஓடும் மோட்டாருக்கு இது உதவாது. ஆனால் அதே மோட்டாரை ஸ்டார்ட் செய்யும்போது கதை மாறுகிறது. ஸ்லிப் 1லிருந்து 0 நோக்கி இறங்குகையில் கீழ்ப்பக்கக் கொம்பு 50 ஹெர்ட்ஸிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி 50க்கு ஏறும். பார் உடைந்த மோட்டாரின் ஸ்டார்ட்டிங் கரண்ட்டில் பள்ளத்தாக்கு மாதிரியான அந்தத் தடம் வேவ்லெட்டில் பட்டை பட்டையாகத் தெரியும். லோடு ஏற்றவே முடியாத மோட்டாருக்கு, எஃப்எஃப்டி கைவிட்ட இடத்தில், இது நல்ல வழி.

## பர்க், மியூசிக், எஸ்பிரிட்: பதிவு போதவில்லை என்றால்

பதிவு 0.2 வினாடிதான். பிரிக்க வேண்டியது 2 ஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ள இரண்டு அலைகள். ஃபூரியர் வழியில் 5 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க முடியாது. இங்கேதான் மாடல் அடிப்படையிலான முறைகள் வருகின்றன: 'இந்தச் சிக்னல் இத்தனை சைன் அலைகளும் கொஞ்சம் இரைச்சலும் மட்டுமே' என்று முதலிலேயே கட்டுப்படுத்திவிட்டு, அந்த அதிர்வெண்களைத் தீர்ப்பது. 1795லேயே பிரெஞ்சுக்காரர் புரோனி செய்து பார்த்த யோசனை இது. இரைச்சல் வந்தால் உடனே குலைந்துவிடும் என்பதால் நீண்டகாலம் பெரிதாகப் பயன்படவில்லை. ஐகன் மதிப்புகளைக் கொண்டு சிக்னலையும் இரைச்சலையும் பிரிக்கும் மியூசிக், எஸ்பிரிட் இரண்டும் அதற்கு உயிர் கொடுத்தன.

எஸ்பிரிட்டை 1980களில் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியவர்களில் ஒருவர் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படைக்கு சோனார் கட்டிவிட்டு அங்கே போனவர். வைஃபையிலும் 4ஜியிலும் இருக்கும் மைமோ (ஒரே நேரத்தில் பல ஆன்டெனாக்களைப் பயன்படுத்தும்) தொழில்நுட்பத்துக்கு வித்திட்டவரும் அவர்தான். சோனாரிலும் ராடாரிலும் அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரிப்பதும், நேரத்தில் அதிர்வெண்களைப் பிரிப்பதும் கணிதத்தில் ஒரே கணக்கு.

செலவு: எத்தனை அலைகள் என்று நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டு இருக்கும்போது மூன்று என்றால் மூன்றாவதையும் கூர்மையாகக் காட்டும். பர்க் முறையில் மாடலின் படியை (எத்தனை கெழுக்கள் என்பதை) அதிகமாகக் கொடுத்தால் ஒரே சிகரம் இரண்டாகப் பிளந்து நிற்கும். மியூசிக் வரையும் படத்தில் சிகரத்தின் உயரம் ஆற்றலைக் குறிக்காது. அதை வைத்து வீச்சு சொல்பவர்களை நம்பாதீர்கள். மோட்டார் கொம்பைத் தேட மியூசிக்கைப் பயன்படுத்தும் கட்டுரைகள் நிறைய உண்டு. இன்னும் பத்து வினாடி பதிவு செய்ய முடிகிற இடத்தில் அது எதற்கு என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. பதிவை நீட்டவே முடியாத இடங்களுக்கு, உதாரணமாக ராடார் துடிப்புக்கு, இதை வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | எப்போது | முன்கூட்டியே தெரிய வேண்டியது | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| எஃப்எஃப்டி + விண்டோ | சீரான சாம்பிள், நிலையான அதிர்வெண், நீளமான பதிவு | எதுவும் இல்லை | கசிவு, வீச்சுத் திருத்தம் |
| வெல்ச் | பரந்த ஸ்பெக்ட்ரம், இரைச்சல் அதிகம் | துண்டின் நீளம் | பிரிதிறன் இழப்பு |
| கோர்ட்செல் | சில அதிர்வெண்கள், சின்ன சிப் | தேடும் அதிர்வெண்கள் | கசிவு கண்ணில் படாது |
| லோம்ப்-ஸ்கார்கிள் | சீரற்ற நேரங்கள், ஓட்டைகள் | தேடும் வரம்பு | அளவீட்டு நேரங்களால் போலிச் சிகரங்கள் |
| எஸ்டிஎஃப்டி | மெதுவாக மாறும் அதிர்வெண் | விண்டோ நீளம் | எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே பேரம் |
| வேவ்லெட் | வேகமாக மாறுவது, திடீர் நிகழ்வு | வேவ்லெட் வகை | உயர்ந்த அதிர்வெண்ணில் பிரிதிறன் குறைவு |
| பர்க், மியூசிக், எஸ்பிரிட் | நீட்ட முடியாத குட்டைப் பதிவு | அலைகளின் எண்ணிக்கை | எண்ணிக்கை தவறினால் இல்லாததைக் காட்டும் |

## இரண்டு முறைகளுக்கு நடுவே தடுமாறினால்

செயற்கைச் சிக்னல் ஒன்றை உருவாக்குங்கள். மோட்டார் வேலை என்றால் 49.97 ஹெர்ட்ஸில் வீச்சு 1, 54 ஹெர்ட்ஸில் வீச்சு 0.003, கூடவே உங்கள் சென்சாரில் வழக்கமாக இருக்கும் அளவு இரைச்சல். நீளமும் சாம்பிளிங் வேகமும் உங்கள் உண்மையான பதிவில் உள்ளபடியே இருக்கட்டும். இரண்டு முறைகளிலும் ஓட்டிப் பாருங்கள். நீங்களே வைத்த 54ஐ எந்த முறை காட்டவில்லையோ, அது உண்மையான மோட்டாரிலும் காட்டாது. பிறகு 54ஐ எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இப்போதும் அங்கே சிகரம் வந்தால் அந்த முறையை ஒதுக்கிவிடலாம். சீரற்ற தரவு என்றால் உங்கள் நேரக்குறிப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, அளவீடுகளின் இடத்தில் வெறும் இரைச்சலைப் போட்டு நூறு முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் எழும் மிக உயர்ந்த சிகரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் அசல் சிகரம் அந்த நூறையும் தாண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ரிப்போர்ட்டில் எழுதலாம்.